‘இல்லுட்’ ஆல்பத்தைக் கெடுத்தது ஆள் மாற்றமா?

கெடிலக்கரை:

கடலூர், பாண்டிப் பக்கம் மெட்டல் கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மார்பிட் ஏஞ்சல் என்கிற டெத் மெட்டல் குழுவில் வந்து நிற்கிறது, அங்கிருந்து 2011-இல் வந்த ‘இல்லுட் டிவினம் இன்சானஸ்’ ஆல்பத்துக்குப் போய் சண்டையில் முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சிலும் அதேதான். ஒருத்தர் பாதியில் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். அவரும் இங்கே இருக்கிறார், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லட்டும் என்றுதான் இந்த இழையைத் திறக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஃப்ளோரிடாவில் டாம்பா ஊர்க் குழு. முதல் ஆல்பம் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’, 1989. கிட்டார் ட்ரே அசக்தாத், பேஸும் குரலும் டேவிட் வின்சென்ட், டிரம்ஸ் பீட் சாண்டோவல். 1995-இல் வந்த ‘டாமினேஷன்’ வரைக்கும் இந்த மூன்று பேர்தான் முதுகெலும்பு. 1996-இல் வின்சென்ட் விலகினார், ஸ்டீவ் டக்கர் வந்தார், அவர் குரலில் மூன்று ஆல்பம். 2004-இல் வின்சென்ட் திரும்பி வந்தார், எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் ஆல்பம் பதிவாக வேண்டிய நேரத்தில் சாண்டோவலுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. அவர் இடத்தில் டிம் யுங் உட்கார்ந்தார். இரண்டாவது கிட்டாருக்கு நார்வேக்காரர் டிஸ்ட்ரக்தோர். ஆல்பம் வந்தது, வந்த நாளிலிருந்து திட்டு.

என் கட்சி இதுதான்: அந்த ஆல்பம் ஆள் மாறியதால் கெடவில்லை. ஒரே அட்டைக்குள் இரண்டு ஆல்பத்தைத் திணித்ததால் கெட்டது.

இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் ஊருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் தெருவில் ஒரு கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரன்ட் வரப் பல நாள் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வருவேன். ஒரு தடவை போட்டால் வீட்டுக்குப் பேசவும், டார்ச் அடிக்கவும், மிச்சம் இருந்தால் பாட்டுக்கும். மெமரி கார்டில் இந்த ஆல்பம் இருந்தது. ஜூனில் வந்தபோது ஒரு முறை கேட்டுவிட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். இருட்டில் ஓடு பறந்துபோன திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை கோடு சார்ஜ் போகும் என்று கணக்குப் பார்த்துக் கேட்டால், எது உண்மையிலேயே வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது ராத்திரி நான் மறுபடியும் மறுபடியும் போட்டவை ‘எக்ஸிஸ்டோ வல்கோரே’, ‘பிளேட்ஸ் ஃபார் பால்’, ‘நெவர்மோர்’, ‘பியூட்டி மீட்ஸ் பீஸ்ட்’. நாலு பாட்டு. இந்த நாலையும் பாடியவர் அதே வின்சென்ட், அடித்தவர் அதே டிம் யுங். அப்படியானால் ஆளின் மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

முத்தியால்பேட்டை டிரம்ஸ்:

எழுந்து போனவன் நான்தான். அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீங்கள் நாயனக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். பாடலீஸ்வரர் கோயில் தேர் அன்றைக்கு நாயனம் வாசிக்கிறவர் அதே ஆளாக இருக்கட்டும், தவில்காரர் மட்டும் வேறு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராகம் அதே ராகம்தான். ஆனால் நாயனக்காரர் மூச்சு எடுக்கிற இடம் மாறிவிடும், தவில்காரர் எங்கே விடுவார், எங்கே பிடிப்பார் என்று தெரியாமல் அவர் ஒரு அடி எட்டி நின்றுதான் வாசிப்பார். ட்ரேயின் கிட்டாருக்குச் சாண்டோவல் அப்படிப்பட்ட தவில்.

சாண்டோவல் எப்படி வந்தவர் என்பதையும் பார்க்க வேண்டும். எல் சால்வடாரில் பிறந்தவர், டெரரைசர் குழுவில் அடித்துக்கொண்டிருந்தவர். மார்பிட் ஏஞ்சலில் சேர்ந்த பிறகுதான் இரண்டு காலாலும் பாஸ் டிரம்மை மிதித்து அடிக்கிற டபுள் பாஸே கற்றுக்கொண்டார். அதாவது அவர் கால் பழகியதே ட்ரேயின் ரிஃபுக்கு, கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் அந்த வாசிப்புக்கு, ஏற்றபடி. 1993-இல் வந்த ‘கவனன்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ராப்சர்’. அதைப் பழக நான் ஒரு கோடை முழுக்கச் செலவழித்தேன். கிட் வாங்கக் காசில்லாத காலம். பழைய தலையணை இரண்டைச் சுவரோடு சாய்த்துக் கட்டி, அதன்மேல் பெடல் வைத்து மிதிப்பேன். பஞ்சு கீழே இறங்கிக் கட்டியாகிவிடும், தினமும் காலையில் தட்டிச் சரிசெய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தீயாக எரியும். அப்படிப் பழகியவனுக்குத் தெரியும், அதில் இருப்பது வேகம் மட்டும் கிடையாது. ரிஃப் ஒரு இழுப்பு இழுக்கும்போது அவர் கால் ஒரு மயிரிழை முன்னால் போகும்.

டிம் யுங் மோசமான டிரம்மர் என்று நான் சொல்லவே மாட்டேன். என்னைவிடப் பத்து மடங்கு வேகம். ஆனால் அவர் அந்தக் குழுவுக்கு வாடகைக்கு வந்தவர். ‘இல்லுட்’டில் எந்தப் பாட்டைப் போட்டாலும் டிரம்ஸ் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் போகிறது எனக்கு.

நெய்வேலி வட்டம்:

ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 1998-ஐ ஏன் யாரும் தொடவில்லை?

வின்சென்ட் போனதும் அன்றைக்கும் இதே ஒப்பாரிதான். குழு முடிந்தது, குரல் போச்சு என்றார்கள். அப்போதுதான் ‘ஃபார்முலாஸ் ஃபேட்டல் டு த ஃப்ளெஷ்’ வந்தது. இரண்டாவது கிட்டார் வாசித்த எரிக் ருட்டனும் அந்த நேரத்தில் குழுவில் இல்லை, கிட்டார் முழுக்க ட்ரே ஒருத்தரே. வரிகளும் அவரே எழுதினார், சில இடத்தில் சுமேரிய மொழிச் சொற்கள்கூட வரும். எஃப் ஆங்கிலத்தில் ஆறாவது எழுத்து, தலைப்பில் மூன்று எஃப், எண்ணிக்கொள்ளுங்கள்: 666, சாத்தானின் எண். முதல் ஆல்பம் ஏ, அடுத்தது பி, அப்புறம் சி, டி என்று அகரவரிசையில் போகிற குழு, ஈ எழுத்துக்கு 1996-இல் ஒரு நேரலை ஆல்பம் கொடுத்துவிட்டு எஃப்-க்கு வந்தபோது இப்படி ஒன்றைத் திட்டம் போட்டு எடுத்து வைத்தார்கள். முன்னணிப் பாடகர் போன குழுவுக்கு இவ்வளவு தெம்பு இருந்திருக்கிறது.

எனக்கு அது கிடைத்தது காப்பி போட்ட சிடியில். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மரம் அசைகிற சத்தம்தான் கேட்கும், ‘ஹீவிங் எர்த்’ பாட்டை ஹெட்போன் இல்லாமல் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் காலத்தில் டக்கரை ஏற்றுக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர் இன்றைக்கு அந்த ஆல்பத்தைத் தலையில் வைத்து ஆடுகிறார்கள்? ஆள் மாற்றம் என்பது முதல் பத்து வருடம்தான் குற்றம், அதற்கப்புறம் அதுவே வரலாறு ஆகிவிடுகிறது.

முத்தியால்பேட்டை டிரம்ஸ்:

நெய்வேலி அண்ணே, நீங்கள் எனக்குச் சாதகமாகத்தான் பேசியிருக்கிறீர்கள். 1998-இல் குரல் மாறியது, கிட்டார் ஒன்று குறைந்தது, டிரம்ஸ் மட்டும் மாறவில்லை. ஆல்பம் நின்றது. 2011-இல் குரல் திரும்பி வந்தது, டிரம்ஸ் போனது. ஆல்பம் விழுந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நெய்வேலி வட்டம்:

சரி, இது நல்ல அடி. யோசித்துவிட்டு வருகிறேன்.

ஒதியஞ்சாலை:

நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் இல்லை. இந்த ஆல்பம் என்றால் மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுடையது சொல்தா குடும்பம். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பாண்டிக்கு வருவார். ஊரில் இருக்கிற எல்லோரும் அவரிடம் சென்ட், சாக்லேட், சீஸ் என்று கேட்பார்கள். நான் சிடி கேட்பேன். ‘இல்லுட்’டை வெளியிட்ட சீசன் ஆஃப் மிஸ்ட் நிறுவனம் மார்செய் ஊரைச் சேர்ந்தது என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டில் பொருள் செய்கிற மாதிரி ஒரு சந்தோஷம். சித்தப்பாவுக்கு ஆல்பத்தின் பெயரை எழுதி அனுப்பினேன், அவர் கடையில் அந்தச் சீட்டை நீட்டி வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தார்.

2003-இல் ‘ஹெரடிக்’. அதற்கப்புறம் எட்டு வருடம் ஒன்றுமில்லை. அந்த எட்டு வருடத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது, அம்மா போய்விட்டார், வேலை இரண்டு தடவை மாறியது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மூலையில், வின்சென்ட் திரும்பி வந்திருக்கிறார், ஒரு ஆல்பம் வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்துகொண்டே இருந்தது. சிடியைப் போட்டேன். முன்னுரை இசை முடிந்து ‘டூ எக்ஸ்ட்ரீம்’ வந்தது. மிஷின் மாதிரி ஒரு அடி, அது ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது. பிளேயரில் வேறு சிடி மாறிப் போய்விட்டதோ என்று திறந்து பார்த்தேன். பத்தாவது பாட்டு ‘ராடிகல்ட்’ வந்தபோது மனைவி சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, இது உங்கள் பாட்டு மாதிரி இல்லையே என்றாள். அவளுக்கே தெரிந்துவிட்டது.

இன்டஸ்ட்ரியல், அதாவது இந்த மாதிரி மிஷின் சத்தத்தில் ஓடுகிற இசை, பிடிக்காதவன் என்று என்னைச் சொல்ல வேண்டாம். ‘ஆல்டர்ஸ்’ வந்த அதே 1989-இல், அதே இயரேக் நிறுவனத்தில், காட்ஃப்ளெஷ் குழுவின் ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ வந்தது. டிரம்ஸே மிஷின்தான். கேட்டால் சிமென்ட் ஆலைக்குள் பூட்டி வைத்த மாதிரி மூச்சு முட்டும். அதை நான் இன்றைக்கும் கேட்கிறேன். ஆக, ‘ராடிகல்ட்’ இன்டஸ்ட்ரியல் என்பதற்காக மோசம் இல்லை. இன்டஸ்ட்ரியலாகவே மோசம். அந்த வரிகளைக் கேட்டால் இத்தனை வருடம் காத்திருந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி எனக்கு இருந்தது. அது இன்னும் ஆறவில்லை.

பண்ருட்டி மேற்கு:

எல்லோரும் மூத்தவர்கள், தப்பாகச் சொன்னால் மன்னிக்கவும். எனக்கு மார்பிட் ஏஞ்சலே ‘ராடிகல்ட்’ வழியாகத்தான் தெரியும்.

நான் 2003-இல் பிறந்தவன். பாலிடெக்னிக் படிக்கும்போது போனில் தானாக வந்த பாட்டு அது. யார் பாடுகிறார்கள், யார் போனார்கள், யார் வந்தார்கள், எதுவும் தெரியாது. எனக்குப் பிடித்தது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு, கல்லூரி பஸ்ஸில் பண்ருட்டியில் ஏறினால் நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் இரண்டு முறை கேட்டுவிடுவேன். இதே குழு வேறு என்ன செய்திருக்கிறது என்று தேடிப் போய்த்தான் ‘கவனன்ட்’ கிடைத்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் வேறு எதையும் கேட்கவில்லை. வின்சென்ட் அவ்வளவு கனமான குரலில் பாடினாலும் ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, அது எனக்குப் பெரிய ஆச்சரியம். ‘காட் ஆஃப் எம்ப்டினெஸ்’ பாட்டில் குரல் ஆழமாக இறங்கி, பேசுகிற மாதிரி வரும் இடத்தில் கையில் முடி நின்றது.

இன்னொன்று. கெடிலக்கரை அண்ணன் புயலைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்குத் தாத்தாவின் முந்திரித் தோப்பு ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு எட்டு வயது. ஒரே ராத்திரியில் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது, பலா மரங்கள் வேரோடு மல்லாந்து கிடந்தன. தாத்தா புதுக் கன்று வைத்தார். நாங்கள் இன்றைக்குக் கொட்டை பொறுக்குவது அந்தக் கன்றுகளில்தான். பழைய மரத்துக் கொட்டை இன்னும் பருமன் என்று அப்பா சொல்வார். எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது இந்த மரம்தான். இந்த ஆல்பமும் எனக்கு அப்படி.

ஒதியஞ்சாலை:

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. ‘கவனன்ட்’டுக்கு உன்னைக் கொண்டுபோய் விட்ட பாட்டு என்றால் அந்தப் பாட்டு ஒரு வேலை செய்திருக்கிறது. அதை நான் இதுவரை யோசித்ததில்லை.

ஏழு தந்தி:

லாஸ்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். கிட்டார் வாசிக்கிறவள் என்ற முறையில் ஒரு விஷயம், இங்கே எல்லோரும் குரலையும் டிரம்ஸையும் பேசிவிட்டு ரிஃபை விட்டுவிட்டீர்கள்.

மார்பிட் ஏஞ்சல் ‘கவனன்ட்’ ஆல்பத்திலேயே ஏழு தந்தி கிட்டாரைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள், ‘டாமினேஷன்’ ஆல்பத்தில் ‘வேர் த ஸ்லைம் லிவ்’ கேட்டால் அந்தத் தாழ்ந்த தந்தி சேற்றில் காலை இழுத்து இழுத்து வைக்கிற மாதிரி நகரும். அதற்காகவே நான் ஏழு தந்தி கிட்டார் வாங்கினேன். நம் ஊர் உப்புக் காற்றில் தந்தி மூன்று வாரம் தாங்காது. முதலில் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், அப்புறம் விரலை இழுத்தால் சொரசொரவென்று நூல் மாட்டுகிற மாதிரி இருக்கும், விரல் நுனி கறுத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியாக வேட்டித் துணியால் அடியிலும் மேலேயும் துடைத்து, துளி எண்ணெய் தொட்டு வைப்பேன். இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கிற கிட்டாரில் எந்தப் பாட்டை எடுத்து வாசிக்கலாம் என்று தேடுவது, கெடிலக்கரை அண்ணன் சார்ஜ் பார்த்துப் பாட்டுக் கேட்ட மாதிரிதான்.

‘நெவர்மோர்’ எடுத்தேன். ‘பிளேட்ஸ் ஃபார் பால்’ எடுத்தேன். இரண்டிலும் அசல் மார்பிட் ஏஞ்சல் வாசனை. இடது கை ஒரு இடத்தில் நிற்க விடாது, வலது கை ஒரு கணக்கில் போகும்போது விரல்கள் வேறு கணக்கில் போகும். வாசிக்கும்போது 1991-இல் வந்த ‘பிளெஸ்ட் ஆர் த சிக்’ ஆல்பம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் ‘ராடிகல்ட்’, ‘டூ எக்ஸ்ட்ரீம்’ இரண்டையும் எடுத்து வாசிக்க முயன்றால் அங்கே விரலுக்கு வேலையே இல்லை. ட்ரே அந்தப் பாட்டுகளில் கிட்டாரை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார். அதனால் நான் ஆள் மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஆளும் மாறாத ஒரே இடம் ட்ரேயின் நாற்காலி. அவர் கிட்டாரைக் கீழே வைத்த பாட்டுகளில்தான் ஆல்பம் விழுந்தது.

கெடிலக்கரை:

அக்கா, நான் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதுதான். இரண்டு ஆல்பம் என்று நான் சொன்னதற்கு நடுவே எங்கே கோடு போட வேண்டும் என்பதை நீங்கள் போட்டுக் காட்டிவிட்டீர்கள்.

இந்த இன்டஸ்ட்ரியல் ஆசை 2011-இல் திடீரென்று முளைத்ததும் இல்லை. 1994-லேயே ஸ்லோவேனியாவின் லைபாக் குழுவிடம் தங்கள் பாட்டுகளைக் கொடுத்து ரீமிக்ஸ் செய்து வெளியிட்டார்கள், ‘காட் ஆஃப் எம்ப்டினெஸ்’ அதில் ஒன்று. வின்சென்ட் நடுவில் வெளியே இருந்த வருடங்களில் ஜெனிடார்ச்சரர்ஸ் என்ற இன்டஸ்ட்ரியல் ராக் குழுவில் பேஸ் வாசித்தார். ஆகவே ஆசை பழைய ஆசை. தனியாக ஒரு சின்ன வெளியீடாக, வேறு பெயரில், லைபாக் செய்த மாதிரி வந்திருந்தால் யாருக்கும் இவ்வளவு வலித்திருக்காது. ‘டூ எக்ஸ்ட்ரீம்’ பாட்டைத் தலைவாசலில் கொண்டுபோய் வைத்ததுதான் எனக்குப் புரியவே இல்லை. ‘எக்ஸிஸ்டோ வல்கோரே’ முதலில் வந்திருந்தால் ஒதியஞ்சாலை அண்ணன் சிடியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.

முத்தியால்பேட்டை டிரம்ஸ்:

ரிஃப் அதே ரிஃப்தான் என்று அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ரிஃபின் நடை டிரம்ஸிடம் இருக்கிறது. ஒரே வரியை ஒருத்தர் நடந்து சொல்வதும் இன்னொருத்தர் ஓடிக்கொண்டே சொல்வதும் ஒன்றா?

நெய்வேலி வட்டம்:

யோசித்துவிட்டு வந்துவிட்டேன் தம்பி.

2015-இல் வின்சென்ட் மறுபடி வெளியே போனார், டக்கர் மறுபடி உள்ளே வந்தார். 2017 டிசம்பர் 1-இல் ‘கிங்டம்ஸ் டிஸ்டெய்ன்ட்’ வந்தது. ஒலிப்பதிவு எரிக் ருட்டன் கையில். டிரம்ஸ் ஸ்காட் ஃபுல்லர். கவனியுங்கள், சாண்டோவல் கிடையாது. அவர் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பி, இந்தக் குழுவின் வழி இனி தன் வழி இல்லை என்று விலகியவர், அது அவர் மனசு, அதை நாம் மதிக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி சாண்டோவல் இல்லாவிட்டால் ஆல்பம் விழ வேண்டும். ‘கிங்டம்ஸ்’ விழுந்ததா? ‘பைல்ஸ் ஆஃப் லிட்டில் ஆர்ம்ஸ்’ பாட்டில் தொடங்கி மூச்சு விடாமல் அடிக்கிறார்கள். ‘கார்டன் ஆஃப் டிஸ்டெய்ன்’ நடுவில் வேகம் குறைந்து அழுத்துகிற இடம் 2000-இல் வந்த ‘கேட்வேஸ் டு அனைஹிலேஷன்’ ஆல்பத்தில் இருந்து நேராக வந்த மாதிரி இருக்கிறது.

ஒதியஞ்சாலை:

‘கிங்டம்ஸ்’ நானும் வாங்கினேன். நல்ல ஆல்பம், கோபமான ஆல்பம். ஆனால் முழுசாக ஒரு தடவைக்கு மேல் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே சுவர். ‘இல்லுட்’ மேல் எனக்கு இருக்கிற கோபம்கூட இதன்மேல் வரவில்லை, அது ஏன் என்று தெரியவில்லை.

பண்ருட்டி மேற்கு:

எனக்கும் ‘கிங்டம்ஸ்’ ஆல்பத்தில் எந்தப் பாட்டு எது என்று பிரித்துச் சொல்ல ரொம்ப நாள் ஆனது. ‘இல்லுட்’ பிடிக்காதவர்களுக்கும் அதில் ஒவ்வொரு பாட்டின் பெயரும் ஞாபகம் இருக்கிறதே.

முத்தியால்பேட்டை டிரம்ஸ்:

நெய்வேலி அண்ணன் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். ‘கிங்டம்ஸ்’ விழவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒதியஞ்சாலை அண்ணன் சொன்ன அந்தச் சுவர் எங்கிருந்து வருகிறது? டிரம்ஸ் நேராக, ஓட்டை இல்லாமல், ஒரே அழுத்தத்தில் நிற்பதால் வருகிறது என்பது என் காது சொல்வது. சாண்டோவல் அப்படி நிரப்ப மாட்டார். ‘கேட்வேஸ்’ ஆல்பத்தில் அவ்வளவு வேகமானவர் எவ்வளவு நிதானமாக இடம் விட்டு அடித்திருக்கிறார், போய்க் கேளுங்கள்.

இன்னொரு வேலையும் செய்தேன். ‘நெவர்மோர்’ பாட்டை அவர்கள் ஆல்பம் வருவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, 2008-இல், மேடையில் வாசித்திருக்கிறார்கள். அப்போது டிரம்ஸ் சாண்டோவல். ரசிகர்கள் கூட்டத்துக்குள் நின்று எடுத்த வீடியோ இணையத்தில் கிடக்கிறது, சத்தம் கரகரவென்றுதான் இருக்கும். நேற்று ராத்திரி பிராக்டிஸ் ரூமில் உட்கார்ந்து அதையும் ஆல்பத்தில் இருப்பதையும் மாற்றி மாற்றிப் போட்டேன். எங்கள் ரூம் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியது, வெளிச் சத்தம் வராது. கண்ணை மூடிக்கொண்டு, கையால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டேன்.

ஆல்பத்தில் இருப்பது சுத்தம். ஒவ்வொரு அடியும் எண்ணிக்கொள்கிற மாதிரி தெளிவு. மேடையில் இருப்பது கலங்கல், ஸ்னேர் சத்தம் பாதி கேட்கவே இல்லை. ஆனால் பிளாஸ்ட் என்கிற அந்த அதிவேக அடி முடிந்து ரிஃப் திரும்புகிற இடத்தில் என் கை தானாக ஒரு கணம் முன்னால் விழுந்தது. ஆல்பத்தைப் போட்டபோது விழவில்லை. நாலு தடவை மாற்றிப் பார்த்தேன், நாலு தடவையும் அப்படித்தான். அந்த ஒரு கணத்தைத்தான் நான் அன்றைக்குக் கடற்கரையில் சொல்ல முடியாமல் எழுந்து போனேன்.

ஏழு தந்தி:

இது எனக்குப் புரிகிறது. நான் அந்தப் பாட்டை ஆல்பத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது அதே திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முந்திவிடுகிறேன், என் கை தப்பு என்று நினைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். தம்பி, அந்த வீடியோவை அனுப்பு. அதோடு சேர்த்து வாசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் என் கட்சியை விடவில்லை. சாண்டோவல் வந்து அடித்திருந்தாலும் ‘ராடிகல்ட்’ ‘ராடிகல்ட்’டாகத்தான் இருந்திருக்கும்.

முத்தியால்பேட்டை டிரம்ஸ்:

அதில் மறுபேச்சு இல்லை அக்கா. அனுப்புகிறேன்.

கெடிலக்கரை:

அப்போது ஒன்று செய்வோம். வருகிற ஞாயிறு பாண்டியில், தம்பியின் பிராக்டிஸ் ரூமில். நான் கடலூரில் இருந்து பத்து மணி பஸ் பிடிக்கிறேன், பண்ருட்டித் தம்பியும் இங்கே வந்துவிட்டால் சேர்ந்து வரலாம். அக்கா கிட்டாரைக் கொண்டுவரட்டும். ‘நெவர்மோர்’ இரண்டு விதமாகவும், தம்பி அவன் கால்படி ஒரு தடவை, ஆல்பத்தின் கணக்குப்படி ஒரு தடவை. நேரில் கேட்டுவிட்டு அப்புறம் பேசுவோம். ஒதியஞ்சாலை அண்ணே, உங்கள் சிடியைக் கொண்டுவர முடியுமா? இத்தனை வருடமாகப் போனில்தான் கேட்டிருக்கிறேன், அதை ஒழுங்கான ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்க வேண்டும்.

ஒதியஞ்சாலை:

கொண்டுவருகிறேன். சித்தப்பா கடையில் நீட்டிய அந்தச் சீட்டும் அட்டைக்குள் அப்படியே இருக்கிறது. நான் எழுதியதில் ‘இன்சானஸ்’ எழுத்துப் பிழையோடு இருக்கும், கடைக்காரர் சிவப்புப் பேனாவில் திருத்திக் கொடுத்திருக்கிறார்.